மெயின் சுவிட்ச் யாருக்குச் சொந்தம்?



உக்குவளை உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டது. நான்காம் நாள் உம்மா பாடசாலைக்கே வந்தார். "வீட்டுல கரண்ட் இல்ல சேர்" என்றார். ஊர் முழுக்க கரண்ட் இருந்ததே என்றோம். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாத வாடகை நிலுவை. வீட்டுக்காரர் அனெக்ஸுக்குப் போகும் மெயின் சுவிட்சை இறக்கி, பெட்டிக்குப் பூட்டும் போட்டுவிட்டார். கிணற்று மோட்டரும் அதே லைனில்தான். அதனால் வெளிச்சத்தோடு சேர்ந்து தண்ணீரும் நின்றுவிட்டது.

வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். அவர் கெட்ட மனிதரல்ல. ஸக்காத் தவறாமல் கொடுப்பவர். எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். "வீடு என்ட. மீட்டர் என்ட பேர்ல. பில் கட்டுறதும் நான். வாடக தராதவருக்கு நான் ஏன் சேர் வெளிச்சம் குடுக்கணும்? அது பிழை எண்டு எங்க எழுதி இருக்கு? காட்டுங்க, இண்டைக்கே திறக்கிறன்."

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று மனதுக்குத் தெரிந்தது. எங்கே எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு அது வெட்கம்தான். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தோம். தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. இரண்டு வீட்டாரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறோம். யார் எவர் என்று கீழே கேட்க வேண்டாம். நாங்கள் சட்டத்தரணிகளும் அல்ல. உங்களுக்கு வழக்கு இருந்தால் அதற்குரியவரிடம் போங்கள்.

முதலில் ஆச்சரியப்பட்டது ஒன்று. இந்தக் கேள்வி கரண்டை விட மிகவும் பழையது. ரோம நகரத்தில் மாடி வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். பக்கத்துக் காணிக்காரர் உயரமாகக் கட்டி, மாடியறைக்கு வரும் வெளிச்சத்தை மறைத்துவிட்டால் குடியிருப்பவர் என்ன செய்வது? சுமார் 1,850 வருடங்களுக்கு முன் காயுஸ் என்ற சட்ட அறிஞர் இதற்குப் பதில் எழுதினார். வீட்டைக் கொடுத்தவர் குடியிருப்பவருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். குடியிருப்பவர் வாடகை உடன்பாட்டை முறித்துக்கொண்டு போகலாம், அதில் சந்தேகமே இல்லை என்றார். கதவும் ஜன்னலும் மோசமாகப் பழுதாகி, சொந்தக்காரர் திருத்திக் கொடுக்காவிட்டாலும் அதே தீர்ப்புத்தான். வெளிச்சத்தை மறைத்தது பக்கத்து வீட்டுக்காரர். அதற்கே சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும் என்றால், அவரே தன் கையால் மறைத்தால்?

அதற்காகக் குடியிருப்பவர் சொன்னதெல்லாம் சரி என்று ரோமர்கள் விட்டுவிடவில்லை. காயுஸுக்கும் முந்தியவர் அல்ஃபேனுஸ் வாருஸ். அவர் சொன்னது, அறையின் ஒரு பகுதியைக் கொஞ்சம் வசதிக் குறைவோடு பாவிக்க வேண்டி வந்தது என்பதற்காக உடனே வாடகையில் கழிக்கக் கூடாது என்று. வீட்டுக்காரர் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் அந்தச் சின்னச் சிரமத்தைக் குடியிருப்பவர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்த இரண்டு கருத்துகளும் ஜஸ்டினியன் பேரரசர் 533 இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரே அத்தியாயத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

ரோமருக்கும் உக்குவளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒல்லாந்தர் ரோமச் சட்டத்தைத் தங்கள் நாட்டு வழக்கோடு சேர்த்துப் பாவித்தார்கள். அதுதான் ரோமன் டச்சுச் சட்டம். இலங்கையின் கரையோரத்தை ஆண்டபோது அதைக் கொண்டுவந்தார்கள். மாத்தளை ஒல்லாந்தர் கையில் இருந்ததே இல்லை, இது கண்டி இராச்சியம். ஆனால் ஆங்கிலேயர் 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் ஒரு விதி வைத்தார்கள். கண்டியச் சட்டம் எதுவும் சொல்லாத விஷயத்தில் கரையோர மாகாணங்களின் சட்டமே இங்கும் செல்லும் என்று. மாத்தளைக் கிளர்ச்சி நடந்து நான்கே வருடத்தில் வந்த விதி. அப்படித்தான் ஒல்லாந்தர் ஆளாத ஊருக்கு அவர்களின் வாடகைச் சட்டம் வந்து சேர்ந்தது. இன்றும் எழுத்திலுள்ள சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் அதுவே பேசுகிறது.

அந்தச் சட்டத்தில் வீட்டைக் கொடுத்தவரின் கடமை சாவியைக் கொடுத்ததோடு முடிவதில்லை. வாடகைக் காலம் முழுவதும் குடியிருப்பவர் இடையூறில்லாமல் அந்த வீட்டை அனுபவிக்க விட வேண்டும். வீட்டை இன்னொருவருக்கு விற்றாலும் வாடகை உடன்பாடு அறுந்துபோகாது, வாங்கியவர் அதையும் சேர்த்தே வாங்குகிறார். குடியிருப்பவர் நேரத்துக்கு வாடகை கட்ட வேண்டும், பொறுப்பான குடும்பத் தலைவன் தன் வீட்டைப் பார்ப்பது போல் பார்க்க வேண்டும், போகும்போது பெற்ற நிலையில் ஒப்படைக்க வேண்டும்.

நம்மில் சிலர் "மார்க்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். வாடகை விஷயத்தில் நம் நீதிமன்றங்கள் முஸ்லிம் சட்டத்தைப் பாவிப்பதில்லை. நமக்கென்றுள்ள தனியார் சட்டம் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. இருந்தாலும் இந்தப் பிரச்சினையை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் ஹனபி மத்ஹபின்படி கொடுக்கல் வாங்கல் சட்டங்களை இலக்கமிட்டுத் தொகுத்தார்கள். அதன் பெயர் மஜல்லா. நாங்கள் ஷாபிஈகள் என்றாலும் வாசித்துப் பார்ப்பதில் தவறில்லை.

அதன் 478 ஆம் விதி ஒரு தண்ணீர் ஆலையைப் பற்றியது. ஓடுகிற தண்ணீரின் வேகத்தில் கல் சுற்றி மாவரைக்கும் ஆலை. அதை ஒருவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். தண்ணீர் நின்றுவிடுகிறது. நின்ற நேரத்திலிருந்து வாடகை இல்லை. பொதுக் குளியலறை பழுதாகித் திருத்தும் காலத்துக்கும் அப்படியே. காரணம் நேரடியானது. வாடகை என்பது பயனுக்குக் கொடுக்கும் விலை, பயன் முழுவதும் போனால் விலையும் போகிறது. எங்களுக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி. தண்ணீர் நின்ற பிறகும் அந்த ஆலைக் கட்டடத்தை வேறு எதற்காவது பாவித்துக்கொண்டிருந்தால், அந்தப் பயனுக்குரிய பங்கை அவர் கொடுக்க வேண்டும். "தண்ணி இல்ல, அதனால வாடகையும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு உள்ளே மூட்டைகளை அடுக்கி வைக்க முடியாது.

மஜல்லா இன்னும் உள்ளே போகிறது. வீட்டின் பழுதைத் திருத்துவது, தண்ணீர் வரும் வழியைச் சீராக்குவது சொந்தக்காரர் வேலை. செய்ய மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறலாம். ஆனால் அந்தக் குறையைத் தெரிந்துகொண்டே குடி வந்தவர் பிறகு அதையே சாட்டாகக் காட்ட முடியாது. குடியிருப்பவர் தானாகச் செலவழித்துத் திருத்தினால் அது அவர் செய்த உபகாரம், கேட்டு வாங்க முடியாது. சொந்தக்காரரின் அனுமதியோடு ஓடு மாற்றுவது போல் கட்டடத்துக்கு நன்மையானதைச் செய்தால் செலவைக் கேட்கலாம். அடுப்பைத் திருத்துவது போல் தனக்கு மட்டும் பயனானதைச் செய்தால், முன்பே பேசிக்கொள்ளாத வரையில் கேட்க முடியாது. இருக்கும் காலத்தில் சேர்ந்த குப்பையை அகற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. "குழாய் திருத்தினேன், இந்த மாத வாடகையில் கழித்துக்கொண்டேன்" என்று முன்னறிவித்தல் இல்லாமல் சொல்லும் நம் தம்பிமார் இதைக் கவனிக்கவும்.

அக்காலத்தில் நம் ஊரில் வீட்டுக்காரர் ஒருவர் இப்படியொரு வேலையைச் செய்திருக்கவே முடியாது. குப்பி விளக்கில் இருந்த மண்ணெண்ணெய் குடியிருப்பவருடையது, தண்ணீர் பீலியிலிருந்தோ பொதுக் கிணற்றிலிருந்தோ வந்தது. வெளிச்சமும் தண்ணீரும் ஒரே மனிதரின் விரல் நுனிக்கு வந்தது மீட்டரும் மோட்டரும் வந்த பிறகுதான்.

அதற்கிடையில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களின் கதை. அவற்றைப் பெற்றது யுத்தம்தான். முதலாம் உலகப் போரின்போது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்காக ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் போர்க்களத்தில். மேரி பார்பர் என்ற பெண்மணியும் அயலில் இருந்த பெண்களும் 1915 இல் கூடுதல் வாடகை தர மாட்டோம் என்று நின்றார்கள். வெளியேற்ற வரும் அதிகாரியைக் கண்டதும் ஒரு பெண் மணி அடிப்பார். எல்லோரும் ஓடிவந்து மாவை அள்ளி அவர்மேல் எறிவார்கள். அந்த வருட முடிவிலேயே பிரித்தானிய நாடாளுமன்றம் வாடகையை உயர்த்த முடியாதபடி சட்டம் செய்தது. 1918 இல் பம்பாயிலும் வாடகைச் சட்டம் வந்தது.

இலங்கைக்கு அது இரண்டாம் உலகப் போரோடு வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களில் திருகோணமலை. கொழும்பில் இருந்த குடும்பங்கள் மலைநாட்டுப் பக்கமும் கிராமங்களுக்கும் ஓடிவந்தன. வீடு தேடி அலைகிறவர் இருக்கும் இடத்தில் வாடகை ஏறும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே வருடம் 60 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948 இல் 29 ஆம் இலக்கச் சட்டம். பிறகு பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம். யுத்த காலத்துக்கு என்று ஆரம்பித்தது நிரந்தரமாகிவிட்டது.

இந்தச் சட்டங்கள் முதலில் நகரங்களை நினைத்து எழுதப்பட்டவை. அவற்றின் உயிர் இரண்டு இடத்தில். வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது, குடியிருப்பவரை நினைத்தபடி எழுப்ப முடியாது. 1972 சட்டப்படி குறைந்த வாடகை வீடுகளில் மூன்று மாத நிலுவை ஆகும் வரை அதைக் காட்டி வெளியேற்ற வழக்கே வைக்க முடியாது. ஏழைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு. மறுபக்கமும் உண்மை. நூறு ரூபாய்க்கும் குறைந்த வாடகையில் தலைமுறையாக இருந்தவர்கள், சொந்த வீட்டுக்குள் போக முடியாமல் வாடகைக்கு இருந்து மௌத்தான வீட்டுக்காரர்கள் என்று கதைகள் நம் குடும்பங்களிலும் இருக்கின்றன. வீட்டுக்காரர் என்றாலே பணக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு அனெக்ஸ் வாடகையில் மருந்து வாங்கும் விதவைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்?

எங்கள் கருத்தைச் சொல்கிறோம். நீதிமன்றத்தின் வழியாக வெளியேற்றுவது கடினமான இடத்தில்தான் சில வீட்டுக்காரர்கள் சுவிட்சைக் கண்டுபிடித்தார்கள். ஆளை எழுப்ப முடியாது, ஆனால் வெளிச்சத்தை அணைக்கலாம். தண்ணீரை நிறுத்தினால் பிள்ளைகுட்டியோடு இருப்பவர் தானாகவே போய்விடுவார். இது எங்கள் கற்பனை இல்லை என்பதற்கு தமிழ்நாட்டின் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சாட்சி. அதன் 10 ஆம் பிரிவு நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுக்கிறது. கொஞ்சம் தள்ளி 17 ஆம் பிரிவு, தக்க காரணமில்லாமல் குடியிருப்பவர் அனுபவிக்கும் வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கவோ நிறுத்தி வைக்கவோ கூடாது என்கிறது. முன்வாசலைப் பூட்டிய சட்டம், பின்வாசல் திறந்திருப்பதைக் கண்டு அதையும் பூட்டியது. பின்னர் அந்தச் சட்டத்தை நீக்கி 2017 இல் புதிய சட்டம் இயற்றினார்கள், 2019 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயரிலேயே வீட்டுக்காரர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளும் பொறுப்புகளும் என்று இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாடு போய்விட்டது, அத்தியாவசிய வசதியைத் துண்டிக்கக் கூடாது என்ற தடை மட்டும் போகவில்லை. வாடகையைச் சந்தை தீர்மானிக்கட்டும், தண்ணீரை ஆயுதமாக்காதே என்பதுதான் அதன் அர்த்தம்.

2021 இல் இந்திய மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் கடிவாளம் போட்டது. வசதியைத் துண்டித்தவர் குடியிருப்பவருக்கு இரண்டு மாத வாடகைக்கு மேற்படாத இழப்பீடு கொடுக்க நேரிடலாம். வேண்டுமென்றே பொய் முறைப்பாடு கொடுத்தால் குடியிருப்பவருக்கும் தண்டம். 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் மின்சாரம் அடிப்படை வசதி என்றும், வீட்டுக்காரர் ஆட்சேபனையில்லை என்று கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைக்கு இருப்பவருக்கு இணைப்பை மறுக்க முடியாது என்றும் சொன்னது.

சரி, நம் நாட்டில்? 2002 இல் 26 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. அதன் பிறகு புதிதாக வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகள் 1972 சட்டத்தின் கீழ் வராது. நம் வயதுக்காரர்கள் வாடகைக்குப் போன வீடுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவைதான். மாமாமார் வாயிலிருந்து வரும் "வாடகைக்காரனை அசைக்கவே ஏலாது" என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது. நமக்கு மிஞ்சியிருப்பது எழுதிக்கொண்ட உடன்படிக்கையும், அதற்குப் பின்னால் நிற்கும் அந்த ரோமன் டச்சுச் சட்டமும்தான். உடன்படிக்கையே எழுதாமல் "நம்ம ஆளுதானே" என்று குடி போகிறவர்கள் அநேகம். நாங்களும் முதல் வீட்டுக்கு அப்படித்தான் போனோம்.

ஆனால் தானே சட்டத்தைக் கையிலெடுக்க வீட்டுக்காரருக்கு அனுமதி இல்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், சட்ட வழியன்றி உடைமையிலிருந்து அகற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர்ந்து அதை மீட்கலாம் என்கிறது. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின்படி, சமாதானம் குலையக்கூடிய தகராறில், கடந்த இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை முதலில் உள்ளே விடலாம், உறுதி யாருடையது என்பதை வேறு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கும் வழி திறந்திருக்கிறது. குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கென்றே 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சிறிய தகராறுகளுக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. வாடகை வரவில்லையா, இந்தக் கதவுகளில் ஒன்றைத் தட்டுங்கள். சுவிட்ச் பெட்டி நீதிமன்றமல்ல.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊரின் விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியாது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வெட்டி, அந்தத் தண்ணீரை உக்குவளைக்குக் கொண்டுவந்து விழுத்தினார்கள். 1976 இல் உக்குவளை மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இரண்டு இயந்திரங்கள், சுமார் 40 மெகாவொட். சுழற்றிவிட்ட தண்ணீர் சுது கங்கையில் சேர்ந்து, அம்பன் கங்கை வழியாகப் போவதென்னைக்குப் போகிறது. ஐந்து வருடம் கழித்து எடுத்த 1981 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் நூறு வீட்டில் சுமார் பதினைந்துக்குத்தான் மின்சாரம். நம் மண்ணில் பிறந்த வெளிச்சம் உயரக் கம்பிகளில் நம் தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்க, கீழே பிள்ளைகள் சிமினி லாம்பில் படித்தார்கள். பிறகு கம்பங்கள் வந்தன, ஒவ்வொரு வீடாக மீட்டர் ஏறியது. மீட்டர் சொந்தக்காரர் பெயரில் ஏறியது, வாடகைக்கு இருப்பவரை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சட்டம் யோசித்திருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், மின் விநியோகம் கேட்கக்கூடியவர் யார் என்று சொல்லும்போது கட்டடத்தின் சொந்தக்காரர் அல்லது அதில் குடியிருப்பவர் என்று இருவரையும் சேர்த்தே எழுதியது. நம்மில் யாருக்கும் அது தெரியாது.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. மெழுகுதிரிக்கும் வரிசை. அப்போது எங்கள் நண்பர் ஒருவர் பாதி நாள் கரண்ட் இல்லாத வீட்டுக்கு முழு வாடகை ஏன் என்று கேட்டார். அல்ஃபேனுஸின் பதில் அவருக்குப் பொருந்தும். நாடே இருட்டில் இருந்தது. அது வீட்டுக்காரரின் செயலும் அல்ல, வீட்டின் குறையும் அல்ல. அவரும் பக்கத்து அறையில் மெழுகுதிரியோடுதான் இருந்தார். கூரை இருந்தது, கிணறு இருந்தது, பிள்ளைகள் அங்கேதான் தூங்கினார்கள். மஜல்லாவின் ஆலைக்காரரைப் போல, கிடைத்த பயனுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் இரக்கப்பட்டுக் குறைத்தால் அது அவருடைய ஸதகா.

உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. 2022 ஓகஸ்ட்டில் மின் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகளில் என்ன நடந்தது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். 2023 பெப்ரவரிக் கட்டணப்படி, வரிகளை விட்டுவிட்டு. மாதம் 60 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட் 30 ரூபாய்ப்படி 900, அடுத்த 30 யூனிட் 37 ரூபாய்ப்படி 1,110, நிலையான கட்டணம் 550. மொத்தம் 2,560. தனித்தனி மீட்டர் உள்ள இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 5,120. அதே இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் 120 யூனிட் எரித்தால் சலுகைப் படி போய்விடுகிறது. 90 யூனிட் 42 ரூபாய்ப்படி 3,780, மிச்சம் 30 யூனிட் 50 ரூபாய்ப்படி 1,500, நிலையான கட்டணம் 1,500. மொத்தம் 6,780. யாருமே ஒரு பல்பைக் கூடுதலாகப் போடவில்லை, 1,660 ரூபாய் கூடிவிட்டது.

அந்த 1,660 யாருடையது? வீட்டுக்காரர் குடியிருப்பவரைச் சந்தேகப்படுகிறார், ராத்திரியெல்லாம் ஃபேன் போடுகிறார்கள் என்று. குடியிருப்பவர் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுகிறார், தன் ஃப்ரிட்ஜ் பில்லை நம் தலையில் கட்டுகிறார் என்று. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சப் மீட்டர் போட்டால் யூனிட்டைப் பிரிக்கலாம், இந்தக் கூடுதல் தொகை அப்படியே நிற்கும். அதைப் பங்கு போடுவது எப்படி என்று குடி போகும் நாளிலேயே பேச வேண்டும், அல்லது இரண்டாவது இணைப்பு எடுக்க வேண்டும். கட்டணங்கள் பிறகு பல தடவை மாறிவிட்டன. இன்றைய விலையைப் போட்டு நீங்களும் ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் ஒளிக்கக் கூடாது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தோம். அயன் பண்ணக் கூடாது, தண்ணீர் சுட வைக்கும் கொயில் பாவிக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். மலைக் குளிரில் கொயிலை ஒளித்து வைத்துப் பாவித்தோம். ஒரு விடியற்காலை அது கருகி, வீடு முழுக்க ட்ரிப் ஆனது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த வீட்டம்மாவின் இன்சுலினுக்கு என்ன ஆகுமோ என்று அவர் மகன் ஓடித் திரிந்ததைக் கண்ட பிறகுதான், வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு என்ன என்று எங்களுக்கு உறைத்தது. அவர் எங்களை வெளியே போடவில்லை. போட்டிருந்தால் குறை சொல்லியிருக்க முடியாது.

பில் கட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, சிவப்பு நோட்டீஸ் வரும் வரை மேசை லாச்சிக்குள் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். சபை வந்து வெட்டினால் அவமானப்படுவது மீட்டரில் பெயர் உள்ளவர். அந்த இருட்டுக்குக் காயுஸும் துணை வர மாட்டார்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்காரரிடம் போனோம். ஆலைக் கதையை ரசித்துக் கேட்டார். "அப்ப தண்ணி நிண்டா ஆலக்காரனுக்கு வாடக இல்ல. சரி. எனக்கு வாடக வராட்டி?" என்றார். உங்களுக்கு வர வேண்டியது கடன், அதைக் கேட்க மத்தியஸ்த சபை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது என்றோம். கரண்டை நிறுத்திய நாட்களுக்கு நீங்கள் வாடகை கேட்டால் அவர் மறுக்க நியாயம் வந்துவிடும், உங்கள் கடன்தான் குறையும் என்றும் சொன்னோம். அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தார். பிள்ளையின் வாப்பாவையும் கூப்பிட்டோம். த்ரீவீல் ஓடுகிறவர். வேலை குறைந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு மாதமாக வீட்டுக்காரரின் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்திருக்கிறார். அவர் செய்ததும் பிழை என்று அங்கேயே சொன்னோம். முதல் மாதமே வந்து "நானா, இந்த மாதம் ஏலாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூட்டு வாங்கக் கடைக்குப் போக வேண்டி வந்திருக்காது.

அன்றைக்கே பூட்டைக் கழற்றினார். நிலுவையை நான்கு தவணையாகக் கட்டுவது, இருண்டிருந்த நாட்களுக்கு வாடகை இல்லை, இரண்டாவது மீட்டருக்குக் குடியிருப்பவர் விண்ணப்பிப்பது, அது வரும் வரை கூடும் தொகையைப் பாதி பாதி போட்டுக்கொள்வது. எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதி இரண்டு பேரும் ஒப்பமிட்டார்கள். முதல் தவணை கட்டியாகிவிட்டது. புது மீட்டர் இன்னும் வரவில்லை.